கடுகா, பூசணிக்காயா?

எங்கள் சமையலறைச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. போன மாதம் ஒரு நாள் பாரம் தாங்காமல் காரையோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. அதில் தொங்கியவை எல்லாம் துணிப்பைகள். தரையில் உட்கார்ந்து பொறுக்கி எண்ணினேன்: 23. நான்கில் பூமி உருண்டையும் இலையும் அச்சடித்திருந்தது. அவற்றில் ஒன்று, சுற்றுச்சூழல் கருத்தரங்கு ஒன்றின் வாசலில் என் கையில் திணித்தது. மகள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தக் கூட்டத்துக்கு நீங்கள் விமானத்தில்தானே போய்வந்தீர்கள்?" என்று கேட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை. ஞாபகம் சரிதானா என்று உறுதிசெய்துகொண்டாள், அவ்வளவுதான். அதனால்தான் பதில் சொல்ல வரவில்லை.

அன்று இரவு கணக்குப் போட்டேன். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாவதை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு அது சமமாகிறது. டென்மார்க் அரசு 2018இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் இதே எண் 52. நான் முதல் எண்ணையே எடுத்துக்கொண்டேன். 23 பை, தலைக்கு 131 முறை என்றால் 3,013. வாரம் இரண்டு முறை பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவன் நான். எல்லாப் பையும் கணக்கைத் தீர்க்க ஏறக்குறைய 29 ஆண்டுகள் ஆகும். (பிளாஸ்டிக் சாக்கடையை அடைப்பதும் கடலுக்குப் போவதும் வேறு கணக்கு. அதில் துணிப்பைதான் ஜெயிக்கும். ஆனால் அதற்கும் இரண்டு பை போதும்.)

கடுகு போன இடத்தை ஆராய்வான், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குரல் கொடுக்கிற நான், அந்த விமானப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தபோது இரண்டு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை.

பூமிக்குப் பாரமில்லாமல் வாழ வேண்டும் என்று நினைக்கிற ஒருவரிடம் இருக்கும் கைமுதல் மூன்றுதான்: நேரம், மன உறுதி, வீட்டாரின் பொறுமை. மூன்றுமே அளவானவை. அவற்றைப் போடுவதற்கு எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் இருக்கின்றன. நூறு சின்னப் பழக்கங்களை வளர்த்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு பெரிய விஷயங்களை வெட்டிவிடலாம். இல்லையென்றால், நாம் வாழ்கிற, வேலை செய்கிற இடத்தின் விதிகளை மாற்ற முன்னால் நிற்கலாம். மூன்றையும் சேர்த்தே செய்யலாமே என்று கேட்பவர்கள், என் அனுபவத்தில், முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். நானும் நின்றேன். பன்னிரண்டு வருடம்.

சிறு துளி

சின்னப் பழக்கங்களின் கவர்ச்சி எனக்கு நன்றாகவே தெரியும். இன்றைக்கே தொடங்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், செய்து முடித்ததும் மனதுக்கு நிறைவாக இருக்கும். "சிறு துளி பெரு வெள்ளம்" என்ற பழமொழியும் துணைக்கு நிற்கிறது. ஆனால் அந்தப் பழமொழி துளியின் அளவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் டேவிட் மெக்கே ஒருமுறை இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். கைபேசி சார்ஜரை ஒரு நாள் முழுவதும் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பதால் மிச்சமாகும் ஆற்றல், கார் ஒரு விநாடி ஓடுவதற்குச் சரி. வருடம் முழுவதும் தவறாமல் பிடுங்கி வைத்தாலும் ஆறு நிமிடக் கார் பயணத்தைத்தான் ஈடுகட்டியிருப்போம். நான் சார்ஜரைப் பிடுங்குவதை நிறுத்தவில்லை, கை பழகிவிட்டது. அதைப் பெருமையாகச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

எது கடுகு, எது பூசணி என்பதில் நம் கண்ணளவு மோசம். 2010இல் அமெரிக்காவில் 505 பேரிடம், ஆற்றலைச் சேமிக்க நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒரு காரியம் எது என்று கேட்டார்கள். விளக்கை அணைப்பது, வண்டியைக் குறைவாக ஓட்டுவது போன்ற 'குறைத்துக்கொள்ளும்' காரியங்களைச் சொன்னவர்கள் 55%. நல்ல திறனுள்ள கருவிக்கு மாறுவதைச் சொன்னவர்கள் சுமார் 12% மட்டுமே. தினமும் கை செய்கிற வேலை மனதில் பெரிதாகத் தெரிகிறது. ஒரே ஒருமுறை செய்துவிட்டு மறந்த வேலை கண்ணிலேயே படுவதில்லை. குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது எடுத்த முடிவு பதினைந்து வருடம் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் பழக்கம் என்று சொல்வதில்லை.

சின்னப் பழக்கங்களின் பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. மற்றவர்களோடு வாழும் வீட்டில் அவை கண்காணிப்பாக மாறிவிடுகின்றன. குப்பையைத் தப்பான கூடையில் போட்டது யார், குழாயைச் சொட்டவிட்டது யார், மின்விசிறி யாருக்காகச் சுற்றுகிறது என்று கேள்விகள் ஓய்வதே இல்லை. எங்கள் வீட்டில் நான் அறைக்குள் நுழைந்தால் மனைவியின் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். இதில் மிச்சமான மின்சாரத்தை அளந்துவிடலாம், செலவான நல்லெண்ணத்தை அளக்க வழியில்லை. பிற்பாடு காரை விற்பது பற்றிப் பேச்செடுத்தபோது, "விளக்கில் தொடங்கியது இப்போது காரில் வந்து நிற்கிறதா?" என்ற பதில்தான் வந்தது. கடுகுக்காகப் பொறுமையைத் தீர்த்துவிட்டால் பூசணிக்காய் வரும்போது கையில் எதுவும் இருப்பதில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஜப்பானில் சுமார் 12,000 பேரிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், வீட்டில் மின்சாரத்தைச் சேமிக்க என்னென்ன செய்கிறீர்கள் என்று முதலில் குறிக்கச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்கள், குறிக்காதவர்களைவிட, கார்பன் உமிழ்வுக்கு அரசு வரி போடுவதைக் குறைவாகவே ஆதரித்தார்கள். என் பங்கைச் செய்துவிட்டேன், இனி அரசு எதற்கு என்ற நினைப்பு. சின்னச் சின்ன நல்ல காரியங்களை எண்ணிக்கொண்டே இருப்பவருக்கு அந்த எண்ணிக்கையே ஒரு விடுமுறைச் சீட்டு ஆகிவிடுகிறது. என் பன்னிரண்டு வருடங்களை அந்த ஆய்வில் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடுகு மாதிரி தெரிந்தும் கடுகாக இல்லாத ஒன்று இருக்கிறது: சமைத்ததை வீணாக்குவது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையின்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் அறுபது சதவீதம் வீடுகளிலிருந்து போனது, தலைக்கு ஆண்டுக்கு 79 கிலோ. விளைவிப்பில் தொடங்கித் தட்டு வரை இழக்கப்படும், வீணாகும் உணவு மொத்தமும் உலகைச் சூடாக்கும் பசுமைக்குடில் வாயுக்களில் 8 முதல் 10 சதவீதத்துக்குப் பொறுப்பு. குளிர்பதனப் பெட்டியின் பின்வரிசையில் மூடிபோட்டு மறந்த கிண்ணத்தைத் திறக்கும்போது மூக்கில் ஏறுகிறதே ஒரு வாடை, அது பூசணிக்காயின் வாடை. சின்னப் பழக்கங்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

பெரிய வெட்டு

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய இரண்டு ஆய்வாளர்கள், சேத் வைன்ஸும் கிம்பர்லி நிக்கோலஸும், 2017இல் தனிமனிதர் செய்யக்கூடிய காரியங்களை எடைபோட்டு வரிசைப்படுத்தினார்கள். வளர்ந்த நாடுகளின் வாழ்க்கையை வைத்துப் போட்ட கணக்கு. கார் இல்லாமல் வாழ்ந்தால் ஆண்டுக்குச் சுமார் 2.4 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வு மிச்சம். அட்லாண்டிக்கைக் கடந்து போய்வரும் ஒரே ஒரு விமானப் பயணத்தைத் தவிர்த்தால் 1.6 டன். முழுக்கத் தாவர உணவுக்கு மாறினால் 0.8 டன். வீட்டுக் குப்பையை ஒழுங்காக மறுசுழற்சிக்குக் கொடுத்தால் 0.2 டன். விளக்குகளை மாற்றினால் 0.1 டன். அதாவது அந்த ஒரு பயணம் எட்டு வருட மறுசுழற்சியை விழுங்கிவிடும். என் கருத்தரங்குப் பயணம் அவ்வளவு நீளமில்லை என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்படியானால் எத்தனை வருடம்?" என்றாள்.

பெரிய வெட்டின் உண்மையான பலம் எடையில் மட்டும் இல்லை. அது ஒருமுறை எடுக்கும் முடிவு. காரை விற்றுவிட்டால் நாளைக் காலை அதை ஓட்டலாமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. மன உறுதி தேவைப்படுவது விற்கும் நாளில் மட்டும்தான். சின்னப் பழக்கமோ தினமும் காலையில் எழுந்து உங்களிடம் உறுதி கேட்டு நிற்கும். காய்ச்சல் வந்த நாளில், விருந்தாளி வந்த நாளில், மனம் சரியில்லாத நாளில் அது தோற்றுப்போகும்.

பலர் யோசிக்காத பெரிய பூசணி ஒன்று இருக்கிறது. எங்கே குடியிருப்பது என்பதுதான். வேலை செய்யும் இடத்துக்கோ பஸ் தடத்துக்கோ நடந்து போகும் தூரத்தில் வீடு அமைந்துவிட்டால், அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய நூறு முடிவுகள் தாமாகவே எடுக்கப்பட்டுவிடுகின்றன. தூரத்தில் பெரிய வீடு கிடைக்கிறதே என்று போனவர், வருடம் முழுவதும் அந்தத் தூரத்தை வண்டியில் அளந்துகொண்டிருக்கிறார். வீடு மாறும்போது எத்தனை அறை, தண்ணீர் எப்படி என்று விசாரிக்கிறோம். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைக் கேட்பதே இல்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு அது.

சாப்பாட்டு விஷயத்திலும் கண்ணளவு ஏமாற்றுகிறது. எங்கிருந்து வந்த உணவு என்று பார்ப்பவர்கள் அதிகம், எந்த உணவு என்று பார்ப்பவர்கள் குறைவு. 2018இல் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளை வைத்து ஜோசப் பூர், தாமஸ் நெமெச்செக் இருவரும் வெளியிட்ட ஆய்வுத் தரவின்படி, உணவால் வரும் உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6% மட்டுமே. விமானத்தில் பறந்துவரும் பொருள்கள் விதிவிலக்கு. மற்றபடி, மாட்டிறைச்சியைக் குறைத்துப் பருப்புவகையைக் கூட்டுவதால் கிடைக்கும் பலன், எதையும் பக்கத்தூரில் வாங்குவதால் கிடைப்பதைவிடப் பல மடங்கு. ஏற்கெனவே இறைச்சி சாப்பிடாதவருக்கு இந்தப் பூசணி இல்லை. அவர் வேறு இடத்தில் தேட வேண்டும்.

பொருள்களைப் பொறுத்தவரை ஒரே வரிதான்: இருப்பதை நீண்ட நாள் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் வாழ்நாள் உமிழ்வில் பெரும்பகுதி அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதற்கு மின்சாரம் ஏற்றுவதில் சிக்கனம் பிடித்துவிட்டு இரண்டு வருடத்தில் புதிது வாங்குவது, மறுபடியும் அதே பழமொழிதான்.

பெரிய வெட்டுக்குக் குறைகளும் உண்டு. முதலாவது, எல்லாராலும் வெட்ட முடியாது. நடக்க முடியாத பெற்றோரை வாரம் மூன்று நாள் சிகிச்சைக்கு அழைத்துப்போகிறவரிடம் காரை விற்கச் சொல்வது அநியாயம். இரவுப் பணி முடிந்து வரும் பெண்ணிடம் கடைசி பஸ்ஸைப் பற்றிப் பேசுவதும் அப்படித்தான். இரண்டாவது, மிச்சமானது வேறு வழியில் போய்விடலாம். நிலக்கரியைத் திறமையாக எரிக்கக் கற்றுக்கொண்டால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865லேயே எச்சரித்தார். காரை விற்ற பணத்தில் தூரதேசச் சுற்றுலா போகிறவர் அவர் சொன்னதை மெய்ப்பிக்கிறார். மூன்றாவது, இது தனித்துச் செய்கிற காரியம். நான் வெட்டினால் என் கணக்கு குறையும். பக்கத்து வீட்டுக் கணக்கு?

விதியை மாற்றுவது

அலுவலகத்தில் அச்சு இயந்திரத்துக்கு மேலே நான் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தேன். "தாளின் இருபுறமும் அச்சிடுங்கள், மரங்களைக் காப்பாற்றுங்கள்." கீழே ஒரு மரத்தின் படம். இரண்டு வருடம் அங்கேயே இருந்து மஞ்சளாகிப்போனது. யாரும் இருபுறமும் அச்சிடவில்லை. பிறகு ஒருநாள், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் வேறு எதையோ சரிசெய்ய வந்தார். அறிவிப்பைப் படித்துவிட்டு, "சார், இதை மொத்தமாகவே மாற்றிவிடலாமே" என்றார். உட்கார்ந்தார், நான்கைந்து முறை சுட்டியை அழுத்தினார், எழுந்தார். அன்றிலிருந்து யார் அச்சிட்டாலும் இருபுறமும்தான் வரும். ஒருபுறம் வேண்டுமென்றால் தேடிப்போய் மாற்றிக்கொள்ள வேண்டும். யாரும் தேடிப்போவதில்லை. சில பேர் மாறியதையே கவனிக்கவில்லை. அறிவிப்பை நான் கிழித்தபோதுதான் தெரிந்தது, அது ஒருபுறம் மட்டும் அச்சிட்ட தாள்.

ஸ்வீடனின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இதையே முறையாகச் சோதித்துப் பார்த்து 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள். இருபுறமும் அச்சிடும்படி இயந்திரத்தின் ஆரம்ப அமைப்பை மாற்றியதும் தாள் செலவு 15% குறைந்தது. தாளைச் சேமியுங்கள் என்று கேட்டு அனுப்பிய செய்தியால் ஒரு பலனும் இல்லை. ஜெர்மனியில் 40,000 வீடுகளுக்கும் மேல் கலந்துகொண்ட இன்னொரு சோதனை 2015இல் வெளியானது. மின் இணைப்பு ஒப்பந்தப் படிவத்தில் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவைத்தபோது, ஒப்பந்தம் செய்தவர்களில் சுமார் 7% பேர்தான் அதைத் தேர்ந்தார்கள். முன்கூட்டியே குறியிட்டு வைத்து, வேண்டாதவர்கள் எடுத்துவிடலாம் என்றபோது அது 69% ஆனது. மின்சாரமும் நிறுவனமும் மாறவில்லை. ஒரு கட்டத்தில் இருந்த குறி மட்டும் மாறியது.

தனிமனிதத் தலைமை என்றதும் மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு இப்போது அந்த இளைஞரின் சுட்டி நினைவுக்கு வருகிறது. நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு படிவத்துக்கு, ஏதோ ஒரு பட்டியலுக்கு, ஏதோ ஒரு கொள்முதலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். குடியிருப்போர் சங்கத்தில் ஒரு நாற்காலி, பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு குரல், அலுவலகப் பயணச் செலவு விதியில் ஒரு வரி. குறுகிய தூரத்துக்கு ரயிலே முதல் தேர்வு, விமானம் வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும் என்ற ஒரு வரி சேர்ந்தால், அந்த அலுவலகத்தின் எல்லாப் பயணங்களின்மேலும் அது உட்கார்ந்துகொள்ளும். சேர்த்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் இருக்கும்.

தனிமனிதன் எதற்கு, பெரிய நிறுவனங்களைக் கேளுங்கள் என்று சொல்பவர்களும் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் கார்பன் தடம் (உங்கள் வாழ்க்கையால் காற்றில் சேரும் கார்பனின் அளவு) எவ்வளவு என்று மக்களைக் கேட்டு அந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டுசேர்த்ததில், 2000களின் நடுவில் பிபி எண்ணெய் நிறுவனம் செய்த விளம்பரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. எண்ணெய் எடுத்து விற்பவர், எண்ணெய் வாங்கியவரைப் பார்த்து உன் கணக்கைக் காட்டு என்கிறார். ஆனால் நிறுவனத்தைக் கேட்பது யார்? அதுவும் யாரோ ஒரு தனிமனிதர் எழுந்து நின்று கேட்டாக வேண்டிய கேள்விதான். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2022 அறிக்கை, பொருள்களையும் சேவைகளையும் நாம் பயன்படுத்தும் விதத்தை மாற்றுவதால் 2050க்குள் உணவு, போக்குவரத்து, கட்டடம் போன்ற துறைகளின் உமிழ்வில் 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்க முடியும் என்கிறது. அந்தக் கணக்கில் மனிதர்களின் பழக்கத்தோடு பஸ் தடங்களும் கட்டட விதிகளும் கருவிகளும் சேர்ந்தே இருக்கின்றன. பஸ்ஸே இல்லாத தெருவில் பஸ்ஸில் போகும் பழக்கத்தை வளர்க்க முடியாது.

மூன்றாவது வழியின் விலை நேரம். கூட்டங்கள், அதிலும் முடிவில்லாமல் ஒத்திவைக்கப்படும் கூட்டங்கள். எங்கள் குடியிருப்பில் காய்கறிக் கழிவைப் பொதுவாக மக்கச் செய்யலாம் என்று நான் பேசத் தொடங்கி மூன்று கூட்டங்கள் ஆகிவிட்டன. நாற்றம் வரும், எலி வரும், யார் கிளறுவது என்று கேள்விகள் எழுந்தன. மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றாவதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. பெரிய வெட்டில் நான் முடிவெடுத்தால் முடிந்தது. இதில் நாற்பது வீடுகள் முடிவெடுக்க வேண்டும், தோற்றுப்போக எல்லா வாய்ப்பும் உண்டு.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

எடையில் பார்த்தால் சிறு துளிக்குக் கடைசி இடம். நிச்சயத்தில் பார்த்தால் பெரிய வெட்டுக்கு முதலிடம், ஏனெனில் அது யாரையும் நம்பியில்லை. விதியை மாற்றுவது வென்றால் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், தோற்றால் கையில் எதுவும் மிஞ்சாது. கணக்கு இவ்வளவோடு முடிந்திருந்தால் முடிவெடுப்பது சுலபம். ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் தனித்தனி வழிகள் என்று நான் நினைத்திருந்தது தப்பு.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 58 ஊர்களில், வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடு வைக்கச் சொல்லி உள்ளூர்த் தன்னார்வலர்கள் பிரசாரம் செய்தார்கள். தங்கள் வீட்டுக் கூரையில் ஏற்கெனவே வைத்திருந்த தன்னார்வலர்கள், வைக்காதவர்களைவிடச் சுமார் 63% அதிகம் பேரைச் சேர்த்ததாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பேச்சு ஒன்றுதான், கூரைதான் வேறு. ஊருக்கு உபதேசம் செய்பவரின் கூரையை ஊர் அண்ணாந்து பார்க்கிறது. பெரிய வெட்டு உங்கள் கணக்கைக் குறைப்பதோடு, நீங்கள் கூட்டத்தில் எழுந்து பேசும்போது கேட்க ஆள் சேர்த்தும் கொடுக்கிறது.

இதில் கிரேட்டா துன்பெர்க்கைப் பார்க்கலாம். 2018 ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே காலநிலைக்காகத் தனியாக உட்கார்ந்து போராடிய பள்ளி மாணவி அவர்; மறு ஆண்டு ஐ.நா. கூட்டத்துக்காகப் பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தார். படகைத் திரும்ப ஓட்டிவர மாலுமிகள் விமானத்தில் போனார்களே என்று உடனே கணக்குக் கேட்டார்கள். கடுகை ஆராய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் அவரே விமானத்தில் வந்து இறங்கியிருந்தால் அந்தப் பேச்சு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணில் படுவதும் முக்கியம். ஓர் அமெரிக்க ஹோட்டலில் துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லும் அட்டையில் சுற்றுச்சூழலைக் காப்பாற்றச் சொன்னபோது 35% விருந்தினர்கள் இணங்கினார்கள். இங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதியபோது 44% பேர். இதே அறையில் தங்கியவர்கள் என்று எழுதியபோது 49%. 2008இல் வெளியான சோதனை இது. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதற்கு நாம் காட்டும் மரியாதை கொள்கைக்குக் காட்டுவதைவிடக் கூடுதல், கேட்டால் மறுப்போம் என்றாலும். ஆனால் இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். 2007இல் வெளியான ஒரு கலிபோர்னியா சோதனையில், அக்கம்பக்கத்தின் சராசரி மின்செலவைத் தெரிவித்ததும் அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள், குறைவாகச் செலவழித்தவர்கள் கூட்டிவிட்டார்கள். குறைவாகச் செலவழித்தவர்களின் தாளில் ஒரு சிரிக்கும் முகத்தை வரைந்து அனுப்பியதும் அவர்கள் பழைய அளவிலேயே நின்றார்கள். நன்றாகச் செய்கிறவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூட நாம் மறந்துவிடுகிறோம், கதவைத் தட்டுவதெல்லாம் குறை சொல்லத்தான்.

எத்தனை பேர் சேர்ந்தால் ஒரு கூட்டம் திரும்பும்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேமன் சென்டோலா குழு 2018இல் வெளியிட்ட சோதனையில், உறுதியான சிறுபான்மை சுமார் 25 சதவீதத்தை எட்டியதும் மீதிப் பேரும் மாறினார்கள். அது இணையத்தில் அந்நியர்கள் விளையாடிய பெயர் வைக்கும் விளையாட்டு. நாற்பது வீட்டுக் குடியிருப்பின் அரசியலை அதில் அளந்துவிட முடியாது. இருந்தாலும் நான் நாற்பதில் கால்வாசியைக் கணக்கிட்டேன். பத்து வீடுகள். என் பக்கம் இப்போது ஆறு.

அப்படியானால் யாருக்கு எது? காரும் விமானமும் தினசரி இறைச்சியும் உள்ளவர், வேறு எதையும் தொடுவதற்கு முன்பு அவற்றில் ஒன்றை வெட்டட்டும். மூன்றையும் வேண்டாம், ஒன்றை. நாலு பேருக்குத் தெரியும்படி, ஆனால் பேசிக்கொண்டே இருக்காமல். பிறகு ஏதாவது ஒரு விதிக்காக வாய் திறக்கட்டும். காரே இல்லாதவருக்கும் விமானத்தையே பார்க்காதவருக்கும் வெட்ட ஒன்றும் இல்லை. அவர்களிடம் போய் சார்ஜரைப் பிடுங்கச் சொல்வதைப் போன்ற அபத்தம் கிடையாது. அவர்கள் நேரே மூன்றாவது வழிக்குப் போகலாம். பஸ்ஸில் போகிறவர் பஸ்ஸைப் பற்றிப் பேசுவதைவிட எடையுள்ள பேச்சு வேறு எது? நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், இரண்டு வேலை பார்ப்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் இவர்களுக்கு இந்த வருடம் எதுவும் வேண்டாம். மிஞ்சிய சாப்பாட்டைப் பெட்டியின் முன்வரிசையில் வைத்தால் போதும்.

என் வீட்டு முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு ரயில் பயணத்துக்குள் அடங்கும் தூரத்துக்கு விமானம் இல்லை என்று தீர்மானித்தோம். காரைப் பற்றிய பேச்சு ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கிறது. அதற்கு ஈடாக நான் விளக்கைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டேன். அலுவலகப் பயண விதியைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் யார் கிளறுவது என்ற கேள்விக்கு, முதல் மூன்று மாதம் நான் என்று சொல்லப்போகிறேன். மனைவிக்கு இன்னும் தெரியாது.

பைகளில் மூன்றை வைத்துக்கொண்டு மீதி இருபதையும் மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அட்டை தொங்கவிட்டேன். மூன்று நாள் கழித்துப் போய் எண்ணினால் 26 இருந்தன.